நாற்பது பிள்ளைகளும் ஆறு படைப்புகளும்: சோழமண்டலத்துக்கு ஒரு வகுப்பைக் கூட்டிச்செல்வது எப்படி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிச் சுற்றுலாவுக்கு என்று ஒரு பழக்கப்பட்ட தடம் இருக்கிறது. காலையில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், அடுத்து முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, பிறகு முதலைப் பண்ணை, சாயங்காலம் மாமல்லபுரம். நான்கையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று பேருந்து கிளம்பும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அப்படிப் போனால் முதலில் வெட்டுப்படுவது சோழமண்டலம்தான். வாசலில் இறங்கி, தோட்டத்துச் சிற்பத்தின் முன்னால் ஒரு குழுப்படம், ஓவியங்களைச் சுற்றி ஒரு வேக நடை, இருபது நிமிடத்தில் மறுபடி பேருந்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. "ஒண்ணும் புரியல சார்" என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும். அந்த வரி பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளையோடு ஒட்டிக்கொள்கிறது. நவீன ஓவியம் என்றால் நமக்கில்லை என்ற முடிவுக்கு அது பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பதிவு ஓவிய ஆசிரியர்களுக்கும், ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் தமிழ், அறிவியல் ஆசிரியர்களுக்கும். அந்த நாளுக்கு ஒரே இடம் போதும். ஒரு பிள்ளைக்கு ஆறு படைப்புகள் போதும். அந்த ஆறில் ஒன்றை இரண்டாம் முறை போய்ப் பார்க்க நேரம் இருக்க வேண்டும். கீழே வருகிற திட்டம் முழுக்க இந்தக் கணக்கில் போட்டது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் தொடங்கியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்துத்தான் நிலம் வாங்கினார்கள். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஓவியர் என்றால் வானத்திலிருந்து குதித்தவர் என்ற எண்ணம் கலையும். துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்த்துக் கடற்கரை மணலில் வீடு கட்டியவர்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2009-இல் இங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று அழைக்கப்படும் தலைமுறையின் ஓவியங்களும் சிற்பங்களும் அதில் இருக்கின்றன. வெளியே சிற்பத் தோட்டம். அதற்கும் அப்பால் இருப்பவை கலைஞர்களின் வீடுகள், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். தெருக்களுக்குள் பிள்ளைகளை அலையவிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. இந்த ஒரு விதியைப் பள்ளியிலேயே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

எப்போது போவது? ஏப்ரல், மே வெயில் ஆகாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதிவரை வடகிழக்குப் பருவமழை, தோட்டம் நனைந்து கிடக்கும். பிறகு அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் மிக நல்லது. வெயில் தணிந்திருக்கும், வெளிச்சம் சாய்ந்து விழும், சிற்பத்துக்கு அதுதான் வேண்டும். அதை விட்டால் ஆகஸ்ட். சனி, ஞாயிறு வேண்டாம், அந்தச் சாலையே அடைத்துக்கொள்ளும்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆசிரியர் ஒருவர் தனியாகப் போய் வர வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. வகுப்பு எந்த மணிக்குப் போகப்போகிறதோ அதே மணிக்குப் போங்கள். நிழல் எங்கே விழுகிறது, எந்தச் சிற்பத்தில் கண் கூசுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சுவரில் தொங்குபவை அவ்வப்போது மாறும். போன வருடம் இருந்த ஓவியத்தை நம்பித் திட்டம் போட்டால் அந்த இடத்தில் வேறொன்று இருக்கும். படைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்குப் பிடித்ததா என்பதோடு இன்னொன்றையும் பாருங்கள்: அதன் முன்னால் பத்துப் பேர் தரையில் அரைவட்டமாக உட்கார இடம் இருக்கிறதா? எவ்வளவு அருமையான ஓவியமானாலும் நடைபாதை ஓரத்திலோ கதவுக்குப் பக்கத்திலோ தொங்கினால் விட்டுவிடுங்கள். வருகிறவர் போகிறவருக்கு வழிவிடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். கழிப்பறை எத்தனை, குடிநீர் எங்கே, சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், பையை எங்கே வைக்கலாம், பென்சிலால் வரைய அனுமதி உண்டா, படம் எடுக்கலாமா, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எந்த வழி என்பதையெல்லாம் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தில் தேதி, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, உடன்வரும் ஆசிரியர் எண்ணிக்கை, வரும் நேரம், போகும் நேரம் ஆறும் இருக்கட்டும். முதல்நாள் ஒருமுறை தொலைபேசியில் உறுதி செய்துவிடுங்கள்.

நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர்கள், நான்கு குழு. நண்பர்களைப் பிரித்துப் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பத்துப் பேர் குழுவில் இரண்டு மூன்று பேராவது ஒருவருக்கொருவர் பழகியவர்களாக இருந்தால்தான் வாய் திறப்பார்கள். வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்கும் நான்கு பேரை மட்டும் நான்கு குழுவுக்கும் பிரித்துவிடுங்கள். அவர்கள் ஒரே குழுவில் சேர்ந்தால் மற்ற ஆறு பேருக்கும் பேச இடமே இருக்காது.

சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் இரண்டு பாடவேளை தேவை. ஒன்று கோட்டுக்கு, ஒன்று தகட்டுக்கு. மெட்ராஸ் இயக்கத்தின் இரு கைகளும் இவைதான் என்று சொல்லலாம்.

கோட்டு வகுப்பில் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துப் பலகையில் ஒட்டுங்கள். கறுப்பு மையில் போட்ட அந்தக் கோடுகளைப் பிள்ளைகள் விரலால் காற்றில் பின்தொடரட்டும். எந்தக் கோடு வேகமாக வந்தது, எது தயங்கியது, எங்கே மை தீர்ந்தது என்று கேளுங்கள், சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு தாளில் தன் இடது கையைப் பென்சில் எடுக்காமல் ஒரே கோட்டில் வரையச் சொல்லுங்கள். கண் கையிலேயே இருக்க வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம். வந்த படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் விரல் மடிப்புகளும் நகக்கண்ணும் வழக்கத்தைவிடச் சரியாக வந்திருப்பதைக் காட்டுங்கள். கை மனப்பாடமாக வரையும் படத்தை நிறுத்தி, கண் பார்ப்பதை வரைய வைக்கும் பயிற்சி இது. அருங்காட்சியகத்தில் இதுதான் உதவப்போகிறது.

தகட்டு வகுப்புக்குக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். 36 கேஜ் செம்புத் தகடு கிடைத்தால் உத்தமம், விலை கூடுதல். பக்கத்து அச்சகத்தில் ஆஃப்செட் அச்சுக்குப் பயன்படுத்திய பழைய அலுமினியத் தகடுகள் எடைக்குக் கிடைக்கும். சிறிய இயந்திரத்துத் தகடாகக் கேளுங்கள். பெரிய இயந்திரத்தின் தகடு கனமானது, பிள்ளைகளின் கைக்கு மசியாது. மையும் ரசாயனமும் போகச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, நீளவாக்கில் 15, அகலவாக்கில் 10 சென்டிமீட்டராக ஆசிரியரே வெட்டிவிட வேண்டும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். நான்கு பக்கமும் செலோடேப் ஒட்டாமல் எந்தத் தகடும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. அடியில் எட்டுப் பத்துத் தாள் கனத்துக்குச் செய்தித்தாள் மெத்தை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாதான் எழுத்தாணி. பின்பக்கத்திலிருந்து அழுத்திக் கோடு போட்டால் முன்பக்கம் புடைக்கும். திருப்பிப் போட்டுப் புடைப்பின் ஓரத்தை அழுத்தினால் அது இன்னும் எழும்.

இதில் மூன்று தப்பு வழக்கமாக நடக்கும். மெத்தை மெலிந்திருந்தால் புடைக்காமல் கீறல் மட்டும் விழும். ஒரே கோட்டின் மேல் நாலு தடவை அழுத்தினால் தகடு கிழியும். எழுத்தை நேராகப் பின்பக்கம் எழுதினால் முன்பக்கம் கண்ணாடி பார்த்த மாதிரி திரும்பி வரும். கடைசியில் கறுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் கறுப்பு தங்கி, மேடு பளிச்சென்று தெரியும்.

இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உலோகச் சிற்பிகளான பி.வி. ஜானகிராமின் படைப்பையோ எஸ். நந்தகோபாலின் படைப்பையோ பார்க்கிற பிள்ளை, அதைச் செய்தவனின் கையோடு பார்க்கும். வகுப்பில் ஒரு கேள்வியும் போட்டு வைக்கலாம்: கோயிலில் சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காத பிள்ளை இருக்காது. தகட்டை அடித்து எழுப்பிய முகம், முன்னால் நின்று மட்டுமே பார்க்க வேண்டிய உருவம். அந்த வேலைமுறையைத்தான் இந்தச் சிற்பிகள் வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு "பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது மிகச் சரியான கேள்வி. முன்பக்கத்தை நோக்கியே செய்யப்பட்ட சிற்பம் என்று விளக்க அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

எடுத்துப் போக வேண்டியவை: பரீட்சை அட்டை ஆளுக்கொன்று, அதில் ஏ4 தாள் ஐந்து. மொத்தம் 200 தாள், உபரியாக 40. 2பி பென்சில் 40, உடைந்தால் கொடுக்கப் பத்து. ஷார்ப்னர் குழுவுக்கு இரண்டு. சீவின தூளைப் போட ஒரு பழைய டப்பா. ரப்பர் வேண்டாம். ரப்பர் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும், தூளும் தரையில் விழும். பேனா, ஸ்கெட்ச் பேனா, கரித்துண்டு மூன்றுக்கும் காட்சிக்கூடத்துக்குள் இடமில்லை. ஒரு சொட்டு மை ஓவியத் துணியில் பட்டால் திரும்ப எடுக்க முடியாது. முதலுதவிப் பெட்டியில் ஓஆர்எஸ் பொட்டலம் பத்தாவது இருக்கட்டும்.

கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. "இந்த ஓவியத்தை வரைந்தவர் ____, ஆண்டு ____" என்று இருபது கோடிட்ட இடம் கொடுத்தால் பிள்ளைகள் ஓவியத்தைப் பார்க்கவே மாட்டார்கள். பெயரட்டையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த பெயரட்டைக்கு ஓடுவார்கள். வெறுந்தாளே போதும்.

இனி அந்த நாள். நகரத்திலிருந்து தெற்கே வரும் பேருந்துக்குச் சோழமண்டலம் இடதுகைப் பக்கம், கடற்கரைப் பக்கம் இருக்கிறது. சாலையைக் கடக்காமலே இறங்கலாம். மாமல்லபுரம் திசையிலிருந்து வருகிற பள்ளிகள் முன்னே போய்த் திரும்பி வந்து வாசல் பக்கமே நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டு நாற்பது பேரைச் சாலை தாண்ட வைக்காதீர்கள், அங்கே வண்டிகள் வரும் வேகம் பயங்கரமானது.

பத்து மணிக்குள் உள்ளே இருந்தால் முதல் நாற்பது நிமிடம் நான்கு குழுவும் தோட்டத்தில். குழுவுக்கு ஒரு சிற்பம், ஒன்றே ஒன்று. தோட்டத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் வெயில். பதினொன்றரைக்கு மேல் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் நிழல் காலடியில் சுருண்டுவிடும், கல்லில் உளி விழுந்த தடம் தெரியாது, உலோகத்தில் கண் கூசும். பத்து மணி வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு பள்ளமும் எழுதிவைத்த மாதிரி தெரியும்.

சிற்பத்தின் முன்னால் பொருள் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். "இது என்ன சொல்ல வருகிறது?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள், அல்லது ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். செய்முறையிலிருந்து தொடங்குங்கள். இது எத்தனை துண்டு? எங்கே பற்றவைத்திருக்கிறார்கள்? எந்தத் துண்டை முதலில் செய்திருப்பார்கள்? எது வளைத்தது, எது அடித்தது, எது வெட்டியது? பத்து நிமிடம் இதிலேயே ஓடும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் வீட்டுப் பிள்ளை அந்தக் குழுவில் இருந்தால் அன்றைக்கு அதுதான் வாத்தியார். படிப்பில் பின்தங்கியதாகப் பெயர் வாங்கிய பிள்ளை தலைநிமிரும் இடம் பல நேரம் இதுவாகத்தான் இருக்கும். கல் சிற்பமாக இருந்தால் எங்கே வழவழப்பு, எங்கே கரடு, ஏன் அங்கே மட்டும் கரடாக விட்டார் என்று கேளுங்கள்.

செம்பில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால் நின்று பேசுங்கள். உப்பைச் சுமந்து வருகிற கடற்காற்று இது. ஈரமும் உப்பில் உள்ள குளோரைடும் செம்போடு சேர்ந்து அந்தக் களிம்பு உண்டாகிறது. நம் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பேர் ஒரே இடத்தைத் தொட்டால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகும். "தொடாதே" என்று அதட்டுவதைவிட இந்த விளக்கம் நன்றாக வேலை செய்கிறது. ஒன்பதாம் வகுப்பு வேதியியலை அங்கேயே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால் மட்டும், எந்தச் சிற்பத்தைத் தொட்டுப் பார்க்க விடலாம் என்று நிர்வாகத்திடம் முன்பே கேட்டு வைத்திருங்கள்.

பத்தே முக்காலுக்கு இரண்டு குழு அருங்காட்சியகத்துக்குள், இரண்டு குழு மரநிழலில் வரைய. பதினொன்றரைக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போகிறவர்களுக்கு நான்கு படைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முதுகுப்பை வெளியே. தவிர்க்கவே முடியாமல் பை இருந்தால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். ஓவியத்தில் இடிப்பது பெரும்பாலும் கை அல்ல, பிள்ளை திரும்பும்போது பின்னால் துருத்திய பைதான். பரீட்சை அட்டையின் கூர்முனையும் அப்படியே, மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி நிற்பது என்று ஒரு அளவு வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் புரிகிறது.

பத்து நிமிடத்தில் முதல் நிமிடம் பேச்சே கூடாது. ஆசிரியரும் பேசக் கூடாது. அறுபது நொடி என்பது நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும், கைக்கடிகாரம் பார்த்து முழுசாக விடுங்கள். பதினைந்தாவது நொடியில் நெளிவார்கள், முப்பதாவது நொடியில் மறுபடி ஓவியத்துக்கு வருவார்கள். அந்த இரண்டாவது வருகையில்தான் நிஜமான பார்வை தொடங்குகிறது. பிறகு மூன்று கேள்வி: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? அபிகெய்ல் ஹௌசன், பிலிப் யெனவின் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. பல நாட்டு அருங்காட்சியகங்களில் பள்ளிப் பிள்ளைகளோடு பயன்படுத்துகிறார்கள். பிள்ளை சொன்னதை ஆசிரியர் தன் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, அந்த இடத்தை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். "சரி", "தப்பு", "சூப்பர்" எதுவும் கூடாது. ஒருவரைப் பாராட்டினால் அடுத்தவர் அதே மாதிரி சொல்லத் தொடங்குவார். உருவமே இல்லாத ஓவியத்தில் முதல் கேள்வி எடுபடாது. அங்கே "கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எங்கே போகிறது?" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயரட்டையை எட்டாவது நிமிடத்துக்குப் பிறகுதான் படிக்க வேண்டும். முதலிலேயே படித்தால் தலைப்பைத் தேடுவது மட்டுமே வேலையாகிவிடும். 'அன்டைட்டில்டு' என்று போட்டிருந்தால் தலைப்பில்லை என்று பொருள், விட்டுப்போனது இல்லை. 'மிக்ஸட் மீடியா' என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களைச் சேர்த்தது. அளவு சென்டிமீட்டரில் இருந்தால் ஒரு பிள்ளையைத் தன் கையால் காற்றில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' வரிசையிலிருந்து ஒன்று சுவரில் இருந்தால் அதை நான்கில் கட்டாயம் சேருங்கள். ஜாதகக் கட்டம் போல, கணக்குப் போல, மலையாள எழுத்துப் போல நெருக்கி எழுதிய பரப்பு அது. பிள்ளைகள் உடனே படிக்க முயல்வார்கள். படிக்க முடியாது. முயன்று தோற்கட்டும், இரண்டு நிமிடம் கொடுங்கள். எழுத்து அர்த்தத்தை இழந்ததும் வடிவமாக மாறுவதைத் தாங்களே உணர்வார்கள். பிறகு சொல்லுங்கள்: 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்தபோது, அதிலிருந்த எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும்தான் பணிக்கரை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்தன. அதைக் கேட்டதும் தன் நோட்டைப் புதிதாகப் பார்க்காத பிள்ளை அரிது.

"இதை நானே வரைவேன்" என்று யாராவது சொல்வது நிச்சயம். கண்டிக்க வேண்டாம், அது நேர்மையான பேச்சு. வெளியே மரநிழலுக்கு வந்ததும் அவரிடம் தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். இதற்கு கே. ராமானுஜத்தின் மை ஓவியங்கள் பொருத்தமானவை. 1940-இல் பிறந்து, இங்கேயே வாழ்ந்து, 1973-இல் இளவயதில் மறைந்தவர். மாளிகைகள், பறக்கும் உருவங்கள், விசித்திர மிருகங்கள், நடுவில் தொப்பி வைத்த ஒரு சிறிய மனிதர் என்று பேனாக் கோட்டாலேயே ஒரு உலகத்தை அடைத்தவர். அவர் படத்தில் ஓர் அங்குலச் சதுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கோடுகளின் நெருக்கத்தோடு நினைவிலிருந்து வரையச் சொன்னால், பத்தாவது நிமிடத்தில் கை வலிக்கும். அதன் பிறகு அந்தப் பிள்ளை ராமானுஜத்தைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

"பொம்பளைங்க யாரும் வரையலையா?" என்று மாணவிகள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே எழுப்புங்கள். சோழமண்டலத்தின் முதல் தலைமுறையில் அர்ணவாஸ் (1945–1988) இருந்தார். பெண்களின் எண்ணிக்கை குறைவு என்பது உண்மை, அதை மழுப்ப வேண்டாம். ஏன் குறைவு என்பதைப் பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஒரு வகுப்பே பேசலாம்.

ஆடையற்ற உருவம் ஏதாவது ஒன்றில் இருக்கும். முன்வருகையிலேயே பார்த்துவைத்து, போவதற்கு முந்தைய நாள் வகுப்பில் சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள்: ஓவியக் கல்லூரியில் உடலை வரைவது அடிப்படைப் பாடம், நம் கோயில் தூண்களிலும் இருக்கிறது. சொல்லிவைத்தால் சிரிப்பு அரை நிமிடத்தில் அடங்கும். சொல்லாமல் போய் அங்கே ஆசிரியர் பதறி மறைத்தால் மீதி நாள் முழுக்க அதுவே பேச்சு.

மரநிழலில் இருக்கும் குழுக்களுக்கு மூன்று வரைவு: ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம். மூன்றும் ஒரே சிற்பம். ஒரு நிமிடத்தில் வெளிவடிவம் மட்டும். ஐந்தில் துண்டுகள் சேரும் இடம். பதினைந்தில் ஒரே ஒரு பகுதியைப் பெரிதாக, தாள் நிறைய. மூன்றாவதில் முழுச் சிற்பத்தையும் மறுபடி வரைய ஆரம்பிப்பார்கள், தடுத்துப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும்.

பன்னிரண்டே காலுக்குச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மாதிரி கட்டுச்சோறு நல்லது. குழம்பு, எண்ணெய்ப் பொரியல் வேண்டாம், கை கழுவ நாற்பது பேருக்குக் குழாய் போதாது. சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் மறுபடி உள்ளே போகக் கூடாது. இலையும் தாளும் போட இரண்டு சாக்குப் பை பேருந்திலேயே இருக்கட்டும்.

ஒன்றே காலிலிருந்து இரண்டு மணிவரை, திட்டத்தில் எதை வெட்டினாலும் வெட்டக் கூடாத முக்கால் மணி நேரம். காலையில் போகிற போக்கில் கண்ணில் பட்டு, தன் குழு நின்று பார்த்திராத படைப்புகளில் அவரவர் விருப்பப்படி ஒன்றின் முன்னால் தனியாகப் போய் உட்கார வேண்டும். அதுதான் ஆறாவது. ஆசிரியர்கள் நான்கு மூலையில் நின்றால் போதும். இருபது நிமிடம் பார்த்து வரைய, பிறகு தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுத: காலையில் என்ன பார்த்தேன், இப்போது புதிதாக என்ன தெரிந்தது, இன்னும் என்ன விளங்கவில்லை. விளங்காததை எழுதச் சொல்வது முக்கியம். விளங்கவில்லை என்பது தோல்வி இல்லை, அந்த நாளின் வேலையில் ஒரு பகுதி என்று அப்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்பவரிடம் எழுந்து இடத்தை மாற்றி உட்காரச் சொல்லுங்கள். மிகப் பக்கத்தில் ஐந்து நிமிடம், அறையின் மறுகோடியில் ஐந்து நிமிடம். தூரம் மாறினாலே ஓவியம் மாறும்.

இரண்டு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து இருபது நிமிடம். ஒவ்வொருவரும் தன் தாளைத் தரையில் வைத்து ஒரே ஒரு வாக்கியம். நாற்பது பேருக்கு அது சரியாக இருக்கும். இரண்டரைக்குப் பேருந்து.

பேருந்து வாடகைக்கு வழியில்லாத பள்ளிகள் மனம் தளர வேண்டாம். மின்சார ரயிலில் எழும்பூர் வந்து அரசு அருங்காட்சியகத்தில் இதே திட்டத்தை நடத்தலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. சமகாலக் கலைக்கூடம் அன்று திறந்திருக்குமா என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே கூடுதலாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெண்கலக் கூடத்தில் மெழுகு வார்ப்பில் செய்த சோழர் காலத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு, உடனே தகட்டை அடித்துச் செய்த நவீனச் சிற்பத்துக்கு வரலாம். வார்த்ததும் அடித்ததும் கண்ணில் எப்படி வேறுபடுகின்றன என்று ஒரே நாளில் ஒப்பிட முடியும். ஆனால் அந்த வளாகம் பெரியது, டைனோசர் மாதிரியும் திமிங்கல எலும்பும் பார்க்கப் பிள்ளைகள் இழுப்பார்கள். அதற்கு இன்னொரு நாள் வரலாம் என்று சொல்லி, அதை நிறைவேற்றவும் செய்யுங்கள்.

திரும்பிய இரண்டு நாளுக்குள் வகுப்பில் பேசிவிட வேண்டும், ஒரு வாரம் போனால் ஆறிவிடும். 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரை வேண்டாம். தான் இரண்டாம் முறை பார்த்த அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு பக்கம், அதைப் பார்த்தே இராத ஒருவர் மனதில் வரைந்துகொள்ளும்படி எழுதட்டும். எழுதியதைப் பக்கத்து இருக்கைக்காரர் வாங்கிப் படித்து, படித்ததை வைத்து வரையட்டும். அந்தப் படத்தையும் நேரில் வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தச் சொல் வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். தமிழாசிரியருக்கும் இது விருந்து. மதிப்பெண் போடாதீர்கள்.

வரைவுகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் நன்றிக் கடிதத்தோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். மீதியைத் தாழ்வாரத்தில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு, ஒவ்வொன்றின் கீழும் பெயர், தேதி, பென்சில், தாள் அளவு எழுதிய சிறு அட்டையோடு ஒட்டுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த படைப்புகளின் பெயர், எது எடுபட்டது, எதன் முன்னால் இடம் போதவில்லை என்ற குறிப்பு எல்லாம் ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் அறைக் கோப்பில் போய்ச் சேரட்டும், அடுத்த ஜனவரியில் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.